நாலு வீட்டுக் காராமணிச் சோறு

ஜனவரி 3, சனிக்கிழமை

அன்பு மகள் ரெனெட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. எழுந்து நடமாடி, என் காபியை நானே போட்டுக் குடிக்கும் அளவுக்கு இங்கே நான் நலமாக இருக்கிறேன். நீயும் அந்தப் பனியில் கால் வழுக்காமல், இரவு வேலை முடிந்து வந்ததும் ஒழுங்காகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு இங்கே முழுக்கைச் சட்டையே அதிகமாக இருந்தது, கம்பளியைப் போட்டுக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். உன் ஊருக்குத்தான் அது பொருந்தும் என்று நினைத்துத்தான் வாங்கினாயோ என்னவோ, நான் கேட்கவில்லை.

போனில் நீ மூன்று முறை கேட்டுவிட்டாய், நானும் ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். போனில் நீ அவசரப்படுத்துகிறாய், நான் ஏதாவது சொல்லி வைக்கிறேன். தாளில் எழுதினால்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வரும். மெஷினில் உட்காரத் தொடங்குவதற்கு முன்பே நான் ஆங்கரேஜுக்கு வந்து உன்னோடு இருந்துவிடுகிறேனா இல்லையா என்பதுதான் உன் கேள்வி. சிறுநீரக டாக்டரின் அலுவலகத்திலும் அதையேதான் கேட்கிறார்கள். இடது கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் நன்றாக ஆறிவிட்டது, வசந்தத்தில் டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருக்கும், வாரத்தில் மூன்று நாள், எந்த ஊரில் எனக்கு நாற்காலி பதிவு செய்வது என்று இந்த மாதம் முடிவதற்குள் தெரிய வேண்டுமாம். பதிலை இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறேன், ஆனால் புத்தாண்டு அன்று நடந்ததைச் சொன்ன பிறகுதான், இல்லாவிட்டால் பதில் உனக்குச் சரியாக விளங்காது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்துப் பெக்கன் மரத்தின் பெரிய கிளை நவம்பர் காற்றில் முறிந்து வேலியின் மேல் விழுந்துவிட்டது, ஆளை வைத்து அறுத்தாயிற்று, வேலி இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. உன் சித்தி மகன் மார்விஸுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, பார்க்க அப்படியே உன் அம்மாவின் நெற்றி. சர்ச்சில் புதிய போதகர் வந்திருக்கிறார், இளைஞர், நேரத்துக்கு முடித்துவிடுகிறார் என்று எல்லோருக்கும் அவர் மேல் சந்தேகம். நான் வேலை பார்த்த பத்திரிகை இனி வாரம் ஒரு முறைதான் வருமாம். மரண அறிவிப்புகளுக்கு மட்டும் இடம் குறையவில்லை, அதை நான் கவனித்துப் பார்த்தேன்.

இனி புத்தாண்டு. போன மாதம் சிறுநீரக மருத்துவமனையில் எனக்குச் சாப்பாட்டு யோசனை சொல்ல ஒரு பெண்ணை அனுப்பினார்கள், ஒஹையோவிலிருந்து வந்தவள், நல்ல பெண், உன்னைவிடச் சின்னவள். புத்தாண்டுக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். காராமணிச் சோறு என்றேன், பயறு ஒவ்வொன்றும் ஒரு காசு, கொலார்டு கீரை நோட்டு, மக்காச்சோள ரொட்டி தங்கம், பயற்றுக்குள் புகையில் வாட்டிய உப்புப் பன்றித் தாடை, ஏனென்றால் பன்றி முன்னால் நோக்கித்தான் மண்ணைக் கிளறும், கோழி பின்னால் சீய்க்கும், அதனால் அன்றைக்குக் கோழியைத் தொட மாட்டோம் என்றெல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, பயறு, கீரை, உப்புக்கறி இந்த மூன்றும்தான் உங்கள் சிறுநீரகத்துக்கு இப்போது ஆகவே ஆகாதவை, பயற்றிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடலாம், உப்பு காலை வீங்க வைக்கும் என்றாள். ரொட்டி ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாமாம். மொத்தம் நாலைந்து கரண்டி பயற்றுக்கு மேல் போகக் கூடாது என்று கையால் அளவு காட்டி அனுப்பினாள்.

சாதாரண மனிதன் என்றால் நாலு கரண்டியோடு எழுந்துவிடலாம். என் நிலைமை உனக்குத் தெரியும். புத்தாண்டு காலையில் எந்த வீட்டு வாசற்படியையும் முதலில் தாண்டுவது ஆணாக இருக்க வேண்டும், பெண் முதலில் தாண்டினால் அந்த வருஷமே கெட்டது. போன வருஷம் வரை நம் ரோட்டில் லூஷியஸும் நானும் இரண்டு ஆண்கள் இருந்தோம். ஆளுக்கு இரண்டு வீடு என்று பிரித்துக்கொண்டு, விடிந்ததும் போய், முன் வாசலில் நுழைந்து எல்லா அறைக்குள்ளும் ஒரு நடை நடந்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். அக்டோபரில் லூஷியஸ் தண்ணீர் வற்றிய நேரத்தில் சதுப்புக்குள் நடந்து போய் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான், இறால் படகுக்காரர்கள் கண்டுபிடித்துக் கரையேற்றினார்கள். அதற்குப் பிறகு ஐடெல்லா அத்தையால் புருஷனைத் தனியாகக் கவனிக்க முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மறதி நோயாளிகள் இருக்கும் இல்லத்தில் சேர்த்திருக்கிறாள். இதைப் போனில் சொன்னேன். சொல்லாமல் விட்டது, அதோடு ரோட்டில் மிச்சம் இருக்கும் ஒரே ஆண் நான்தான் என்பது. நாலு வீடு, ஐந்து பெண்கள், நான்.

கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் வரத்தான் நினைத்திருந்தேன் ரெனெட்டா, இது உனக்குத் தெரிய வேண்டும். விமானம் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்தேன். அது எப்படியோ வெர்னிஸ் காதுக்குப் போய், சர்ச் வாசலில் எல்லோரும் நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணே, ஒண்ணாம் தேதிக்குத் திரும்பிடுவீங்கல்ல என்று கேட்டாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, ரொட்டி வாங்கி வருவீர்களா என்பதுபோல்தான் கேட்டாள். மற்ற நாலு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒருத்தர் அன்போடு நிற்கிறார். முன்பக்கம் இவர்கள், பின்பக்கம் உன் அம்மாவின் கல்லறை, ஊருக்கு ஒரே ரோடு, ரோட்டுக்கு ஒரே பாலம், பாலத்தைத் தாண்டினால் மெஷின். கத்திக் கூப்பிட்டால் ஓடி வர ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆனால் எதற்காகக் கத்துகிறேன் என்று அவர்களிடம்தான் சொல்ல முடியாது. நோயை ஆகஸ்டிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று தள்ளிப் போட்டேன், வேறு காரணம் இல்லை.

வியாழக்கிழமை காலை மூடுபனி. முதலில் வெர்னிஸ், டார்கஸ் அக்கா தங்கை வீடு. வாசலில் நிற்கும்போதே உள்ளே சண்டை கேட்டது. வராந்தாவை ஒட்டிப் புதிதாகக் கட்டிய குளியலறைக்குள்ளும் நான் நடக்க வேண்டுமா வேண்டாமா என்று. போன வருஷம் லூஷியஸ் அதற்குள் போகவில்லை, அதனால்தான் குழாய் வெடித்தது என்பது டார்கஸ் கட்சி, குளியலறைக்கு எதுக்குடி அதிர்ஷ்டம் என்பது வெர்னிஸ் கட்சி. நான் அதற்குள்ளும் போய் நின்றுவிட்டு வந்தேன், சண்டை நின்றது. தட்டு வந்தது. இன்னும் மூன்று வீடு இருக்கிறது, இடம் வேண்டும் என்று சொல்லி இரண்டு கரண்டியோடு தப்பித்தேன். லூஷியஸ் ரெண்டு தட்டு தின்னாரே என்று வெர்னிஸ் முணுமுணுத்தாள். அடுத்தது பள்ளிப் பேருந்து ஓட்டும் மோசெல் வீடு. அவள் இந்த வருஷம் பன்றிக்கறிக்குப் பதிலாக வான்கோழி இறக்கையைப் போட்டிருந்தாள், இரத்தக் கொதிப்பு என்று. வான்கோழியும் பின்னால்தானே சீய்க்கும் என்று கேட்டேன், இது கடையில வாங்கினது, செத்தப்புறம் எந்தப் பக்கமும் சீய்க்காது அண்ணே என்றாள். அங்கே இரண்டு கரண்டி. ஒஹையோப் பெண் காட்டிய அளவு முடிந்துவிட்டது, இரண்டு வீடு பாக்கி.

மூன்றாவது ஐடெல்லா வீடு. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தள்ளி நின்றிருந்தாள். அறை அறையாக நடந்தேன். படுக்கையறையில் லூஷியஸின் செருப்பு கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்குத் தட்டு வைத்திருந்தது அவன் இடத்தில், அவன் தட்டில், அவன் சாப்பிடும் அளவு. சோறு மலைபோல், மேலே கீரை, பக்கத்தில் தாடைக் கறித் துண்டு கொழுப்போடு. தலைவாசலுக்குப் போகும் வழியில் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். வேண்டுமென்று வழியை மறித்தாள் என்று சொல்ல மாட்டேன், அங்கேதான் வெளிச்சம் இருந்தது.

பேசிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு ஒரு நாள் லூஷியஸை வீட்டுக்கு அனுப்புங்கள், வாசற்படியை மட்டும் தாண்டட்டும், நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று இல்லத்தில் கேட்டிருக்கிறாள். நவம்பரில் நன்றி செலுத்தும் பண்டிகையன்று கூட்டி வந்தபோது காரை விட்டு இறங்க மாட்டேன் என்று அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான், அதனால் இனி முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். புத்தாண்டு மதியத்துக்கு அங்கே கோழியாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. இந்த வருஷமாவது அவன் என் பெயரைச் சொல்ல வேண்டும் தியோட்டிஸ், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். அவளுக்கு அந்தத் தட்டு என்ன என்று எனக்குப் புரிந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டேன். கீரையை ஓரமாக ஒதுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ புதிதாக ஊருக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இன்றைக்கு வீட்டை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா, குப்பை போகாது, அடுப்புச் சாம்பல் போகாது, பாத்திரம் கழுவிய தண்ணீர்கூடப் போகாது, அந்தத் தட்டா போகும். அங்கேயே தின்ன வேண்டும், அல்லது வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். வைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டு வருஷத்தையே வேண்டாம் என்று தள்ளியதாகிவிடும். கரண்டி கையில், அவள் வழியில். வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது ஐடெல்லா, இந்தத் தட்டை முழுக்கத் தின்றால் இங்கேயே விழுந்துவிடுவேன் என்று.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து தட்டை எடுத்து, அதிலிருந்ததை அப்படியே சட்டிக்குள் வழித்துப் போட்டாள், எச்சில் சோற்றைச் சட்டிக்குள் போட்டு அவளை நான் பார்த்ததே இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆகஸ்டிலிருந்து என்றேன்.

“ஆகஸ்ட்லருந்து. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எம் பக்கத்துல உக்காந்து பாடிட்டு, ஆகஸ்ட்லருந்து.”

 போனை எடுத்துக் கடைசி வீட்டு எர்லீன் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். நான் கோட்டைப் போட்டு வெளியே வந்தபோது மனசு இலேசாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. சொல்லியாயிற்று, இனி நோயாளியை யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், மகளிடம் போ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், நான் கேட்காமலே கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டே கடைசி வீட்டுக்கு நடந்தேன்.

எர்லீன் பெரியம்மாவுக்கு இந்த வருஷம் எண்பத்தாறு. நான் அவர் வீட்டுப் படியைத் தாண்டி அறைகளை நடந்து முடிப்பதற்குள் மற்ற நாலு பேரும் வந்துவிட்டார்கள், எல்லா வீட்டிலும் ஆண் நுழைந்தாயிற்று, இனி அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். என்னை மேசைக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு, நான் அங்கே இல்லாததுபோல் என்னைப் பற்றிப் பேசினார்கள். மெலிந்துதான் போயிருக்கிறார் என்றாள் டார்கஸ். எப்பவும் அப்படித்தான் இருக்கார், உனக்குக் கண்ணு தெரியலே என்றாள் வெர்னிஸ். மோசெலின் ஒன்றுவிட்ட தங்கை சவானாவில் டயாலிசிஸ் இடத்தில் வேலை பார்க்கிறாள், அவளைப் போனில் பிடித்தார்கள். பயற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பொட்டாசியம் பாதிக்கு மேல் போய்விடும், உப்பும் கறியும் வேண்டாம், கொஞ்சம் சாப்பிடலாம் என்றாளாம் அவள். உடனே அடுப்பு பற்றியது. ஆனால் முதல் தண்ணீரை எங்கே ஊற்றுவது, இன்றைக்கு வெளியே கொட்டக் கூடாதே. சமையலறை முழுக்க வாளியாகப் பிடித்து வைத்தார்கள், பழுப்புத் தண்ணீர், ஆவி பறந்துகொண்டிருந்தது, யார் நடந்தாலும் வாளியில் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் என் முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. நனைந்த காகிதத்தை மென்றதுபோல் இருந்தது. ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். முழுங்கினேன்.

நான் முழுங்கியதும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் நாள்களைப் பிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை மெஷினுக்கு மோசெல் கூட்டிப் போவாள், வியாழன் வெர்னிஸும் டார்கஸும் சேர்ந்து, சனிக்கிழமை ஐடெல்லா எப்படியும் லூஷியஸைப் பார்க்கப் போகிறவள்தான். சமையல் ஒவ்வொரு நாளும் ஒரு வீடு, எல்லாம் இரண்டு தண்ணீரில் வேகவைத்தது. எர்லீன் பெரியம்மா என் தைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பி, நீ எங்கேயும் அலைய வேண்டாம், மெஷின் இருபது நிமிஷத்துல இருக்கு, நாங்க அஞ்சு பேர் இருக்கோம் என்றார். திறக்கும் என்று நான் நினைத்த கதவை அவர்கள் அன்போடு சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். மோசெல் மட்டும், ரெனெட்டா என்ன சொல்றா என்று கேட்டாள். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறைக்கு நீ புதுத் திரைச்சீலை போட்டிருப்பதைச் சொல்லவில்லை, மூன்று முறை கேட்டதையும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது மதியம், ஜன்னலுக்கு வெளியே பனி விலகி வெயில் அடித்தது, எனக்கு என்னவோ அந்த வாளிகளில் ஒன்றுபோல் என்னையும் அங்கே பிடித்து வைத்திருப்பதாகவே தோன்றியது.

நேற்று காலை ஐடெல்லா வந்து பின் கதவைத் தட்டினாள், அவள் கார் கிளம்பவில்லை, இல்லத்துக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று. தட்டில் காராமணிச் சோறு மூடி வைத்திருந்தாள், நேற்று இரண்டாம் தேதி, கொண்டுபோகலாம். நான் இதுவரை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம், நேற்று உள்ளே போனேன். அந்தப் பகுதிக்குள் போகும் கதவுக்கு எண் அழுத்தும் பூட்டு. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூஷியஸ் நின்றுகொண்டிருந்தான், தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்துத் தள்ளிக்கொண்டு. கோபமாக இல்லை, வேலை செய்கிறவன்போல் நிதானமாகத் தள்ளினான். தாதிப்பெண் சொன்னாள், காலைச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவாராம், மதியம் வரை அங்கேதானாம், தினமும். உள்ளே போனதும் அவன் ஐடெல்லாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பெயர் வரவில்லை. என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

“வண்டி வச்சிருக்கியா? போலாமா?”

எங்கே என்று கேட்டேன். எங்கேயாவது என்றான். ஐடெல்லா அவனை மேசைக்குக் கூட்டிப் போய் ஊட்டினாள், நன்றாகவே சாப்பிட்டான், அவள் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் திரும்பிக் கதவைப் பார்த்தான்.

திரும்பி வரும் வழியில் பாலம் படகுக்காகத் திறந்திருந்தது, வரிசையில் நின்றோம். இஞ்சினை அணைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், நானும் அவனைப்போலத்தான் ஐடெல்லா, நாலு பக்கமும் அடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், அறையை, நீ கேட்டதை, இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டியதை, நான் போனால் உங்களுக்கெல்லாம் யார் என்பதால்தான் போகாமல் இருப்பதை. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

“லூஷியஸ்கிட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு எங்க போகணும்னு யாராவது கேட்டா அவன் செருப்பு போடாம ஓடுவான். உங்கிட்ட மூணு தடவ கேட்டிருக்கா. அவன் கதவுக்கு நம்பர் இருக்கு தியோட்டிஸ். உன் கதவுக்கு யாரு நம்பர் போட்டது? நானா? வெர்னிஸா? எங்க மேல பழியப் போட்டுட்டு இங்க உக்காந்திருக்காத.”

அடுத்த புத்தாண்டுக்கு யார் வருவார்கள் என்று நான் கேட்டேன், கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஆம்பளை கெடைக்கலேன்னா அன்னிக்கு யாரும் வெளிய போகாம உள்ளயே கெடப்போம், ஒரு நாளு, சட்டி நிறைய சோறு இருக்கு என்றாள். பாலம் மூடியது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், நான் இஞ்சினைப் போட மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பூட்டு போட்டது அவர்கள் இல்லை. சர்ச் வாசலில் வெர்னிஸ் கேட்டபோது, இல்லை, மகளிடம் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அவ்வளவுதான். உண்மையான காரணம் நீதான் ரெனெட்டா. உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில் நீ லீவு போட்டு வந்திருந்தாய். மருத்துவமனையில் இரவெல்லாம் அடுத்தவர்களைத் தூக்கிப் புரட்டுகிற பிள்ளை, இங்கே வந்து அவளைத் தூக்கிப் புரட்டினாய். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவாய், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் அப்பா என்பாய். அந்த முகத்தை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவள் வீட்டில் இன்னொரு நோயாளியைப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை மாதமும் பேச்சை மாற்றினேன், ஐந்து பெண்களையும் நாலு சட்டிகளையும் முன்னால் நிறுத்தி அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை உன்னிடம் கேட்டுவிட்டு நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. நீ கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

பதில் இதுதான். இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ஒரு நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு கிடக்கத்தான் போகிறேன், அது மாறாது, எந்த ஊரிலும் நாற்காலி நாற்காலிதான். என்னைக் கட்டிப்போடத்தான் போகிறார்கள் என்றால், வேலை முடிந்து நீ சாவியைத் திருப்பும் சத்தம் கேட்கிற இடத்தில் கட்டிப்போடட்டும். மார்ச்சில் வருகிறேன். டாக்டர் அலுவலகத்துக்கு உன் ஊர்ப் பெயரைத் திங்கட்கிழமை நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, மெஷினுக்கு நான் பேருந்தில் போய் வருவேன், நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் டிக்கெட் எடு, ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எடு, சண்டையை அங்கே வந்து போடலாம்.

எர்லீன் பெரியம்மாவிடமும் மற்றவர்களிடமும் இன்னும் சொல்லவில்லை. தான் சொல்வதாக ஐடெல்லா சொன்னாள், வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். நாளை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் சொல்லப் போகிறேன், வெர்னிஸ் கேட்ட அதே இடத்தில்.  இன்றைக்குச் சனிக்கிழமை, டார்கஸ் இப்போதுதான் கிண்ணத்தோடு வந்துபோனாள், இரண்டு தண்ணீரில் வெந்த பயறு, இந்த முறை கொஞ்சம் வெங்காயம் போட்டிருக்கிறாள். எலும்பும் தோலுமா ஆயிடாதீங்க அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கர்த்தர் உன்னை நோயில்லாமலும் மனக்குறை இல்லாமலும் வைத்திருக்கட்டும், உன் கையால் தொடுகிற நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உன் வீட்டுக் கூரைக்கு மேல் இருக்கட்டும். அவர்களிடம் சொல்லியாயிற்று என்று நானே உனக்குப் போன் செய்யும் வரை இந்த ரோட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது, எர்லீன் பெரியம்மா குரலைக் கேட்டதும் உளறிவிடாதே. இரவு வேலைக்குப் போகும்போது காலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
தியோட்டிஸ் காட்ஸ்டன்